கஞ்சி முறை

மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்துத்தான் மரியநாதன் மனைவிக்குப் போன் போட்டார். மழை பெய்யும்போது பேசினால் லயத்து வீட்டுத் தகரக் கூரையே அவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

"அங்க மழையாங்க? இங்க டிவியில வெள்ளம் கிள்ளம்னு என்னென்னமோ சொல்றாங்க" என்றாள் செசிலியா, ஜொகூர் பாருவில் மகள் சூசன் வீட்டிலிருந்து.

"மழையா? வெயில் எட்டிப் பாக்குது. துணிகூட காயப் போட்டிருக்கேன். நீ ரயில் ஏறு."

துணி காயப் போட்டது உண்மைதான். வீட்டுக்குள்ளே, கட்டில் காலிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கட்டிய கயிற்றில். வெயில்தான் பொய்.

அவள் "சரி" என்று வைத்ததும் அவர் சுவரில் இருந்த அந்தோணியார் படத்தைப் பார்க்காமல் வெளியே வந்தார். ஆறு ஏறுகிறது, சொன்னவுடன் பாலோ ஊர்ப் பள்ளி மண்டபத்துக்குக் கிளம்பத் தயாராக இருங்கள் என்று தோட்டத்து ஆபீசில் நேற்று சாயங்காலமே ஒலிபெருக்கியில் சொல்லியாகிவிட்டது.

சூசன் பிள்ளைப்பேற்றுக்கென்று போனவள் செசிலியா. பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது, இப்போது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. செசிலியா மட்டும் வரவில்லை. கிறிஸ்மஸுக்கு வருவாள் என்று இருந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல். பொங்கல் விடுமுறைக்கு என்றாள். சூசனுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்குக் கழுத்து நாள் முழுக்க அண்ணாந்தே கிடக்கும். வேலை விட்டு வந்தால் அந்தக் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை பேச அவருக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். இப்போது தானே தேய்த்துக்கொள்கிறார். கை எட்டுகிற இடம் வலிப்பதில்லை.

அவளை இழுத்துவர அவரிடம் மிஞ்சி இருந்தது ஒன்றே ஒன்று, கஞ்சி முறை.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்ததும் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு குடும்பத்தின் முறை. வீட்டில் சாவு விழுந்தால் ஒழிய யாரும் முறையை விட்டுக் கொடுக்க மாட்டார்கள். செசிலியா கலியாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்லை. இன்று அவர்கள் முறை. "வந்து காச்சிட்டு ஞாயித்துக்கிழமை பூசை பாத்துட்டுத் திரும்பிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். இரண்டு ராத்திரி வீட்டில் இருப்பாள். அது போதும் என்று அவர் நினைத்தார். போதாது என்பதும் அவருக்குத் தெரியும்.

கோயில் கமிட்டித் தலைவர் திமோத்தி குடையோடு வந்தார். "மரியநாதா, சாமியாரே வரலன்னு சொல்லிட்டார். கஞ்சிய அடுத்த வெள்ளிக்குத் தள்ளிரலாம்."

"அடுத்த வெள்ளி உங்க முறை."

"நீயே எடுத்துக்கய்யா. என் பொண்டாட்டி சந்தோசமா கால நீட்டிப் படுத்துக்குவா."

"இல்லைங்க. செசிலியா ரயில் ஏறியாச்சு."

"இந்த மழையிலயா? அலமாக்! உனக்குப் புத்தி கித்தி இருக்கா? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

மரியநாதன் அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கோயிலுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அண்டாவை உருட்டி அடுப்பில் ஏற்றினார். அவள் வந்து இறங்கும்போது உலை கொதித்திருந்தால் அரிசி போடுகிற வேலை மட்டும்தான். ஈர விறகு புகைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதினார்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுச் செல்லப்பன் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மரியண்ணே, தண்ணி பாலத்தத் தொட்டிருச்சு. எல்லாரையும் ஏத்தச் சொல்லிட்டாங்க. வாங்க வாங்க."

"அரிசியே இன்னும் போடலப்பா."

"நீங்க போட்டு அது வேகறதுக்குள்ள நம்ம ஊறிப் போயிருவோம்ணே."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"என்னங்க, ரெங்கத்துல ரயில நிப்பாட்டிட்டாங்க. முன்னால தண்டவாளத்துல தண்ணியாம். ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன்." அவளுக்குப் பின்னால் மழை கொட்டுகிற சத்தம் இவர் காதுக்கே கேட்டது. "நீங்க சொன்ன வெயிலு இது வரைக்கும் வரலைங்க."

தண்டவாளத்தைத் தண்ணீர் அரித்திருந்தால்? ரயில் நடுக்காட்டில் நின்றிருந்தால்? தெரியாத ஊர் ஸ்டேஷனில் அவளைத் தனியாக உட்கார வைத்தது வேறு யாரும் இல்லை, அவர்தான்.

"செசி, நான் பொய் சொல்லிட்டேன். இங்க நேத்துலருந்து மழைதான். எல்லாரும் கெளம்பறாங்க."

"தெரியுமே. சூசன் போன்ல எல்லாம் காட்டினா. துணிய எங்க காயப் போட்டிருப்பீங்கன்னும் தெரியும்."

"தெரிஞ்சா ஏறின?"

"முறைய விடக் கூடாதில்ல?"

முறைக்காகத்தான் ஏறியிருக்கிறாள். அவருக்காக இல்லை. அவர் அடுப்பில் விறகைத் தள்ளினார். அவளே கேட்டாள்.

"ஒலை கொதிக்குதா? அப்ப நீங்களே போட்டுருங்க. பயற வறுத்தீங்களா?"

"வறுக்கணுமா?"

"கடவுளே! இத்தன வருசம் என்னத்தத்தான் தின்னீங்க? சரி விடுங்க. அரிசியும் பயறும் ஒண்ணாப் போடுங்க. பூண்டு, வெந்தயம், ஒரு ரம்பை எல. தேங்காப்பால் கடசீல. பால் விட்டதும் கொதிக்க விடாதீங்க, திரிஞ்சிரும்."

செல்லப்பன் டிராக்டர்மேல் நின்று கத்தினான். கடைசி நடைக்கு வருகிறேன் என்று அவனிடம் கெஞ்சி, மரியநாதன் அரிசியைக் களைந்து போட்டார். கொட்டகை ஓரத்தில் தண்ணீர் செந்நிறமாக வந்து நின்றபோது தேங்காய்ப்பாலை ஊற்றினார். கடைசி நடைக்கு வந்த செல்லப்பனும் அவருமாக அண்டாவைத் தூக்கி டிராக்டரில் வைத்தார்கள். அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை வழியாகச் சூடு நெஞ்சில் ஏறியது. யாரையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வெகு காலம் ஆகியிருந்தது.

மண்டபத்தில் கோழிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமிசம் ஆகாத சுத்தபோசன நாளில் கோழியை எப்படித் தொடுவது? கோயில்காரர்கள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். அண்டா உள்ளே வந்ததும் ஒரு மூலையில் கூடி, பாயில் முழங்கால் போட்டு, மழைச் சத்தத்துக்கு மேலே குரல் எடுத்துச் சிலுவைப்பாதை சொன்னார்கள். திமோத்தி பாட்டை ஆரம்பித்து, அடி மறந்து பாதியில் விட்டார். கிருஷ்ணம்மா, செல்லப்பன் பெண்டாட்டி, ஜெபம் முடியும்வரை சின்னப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாள்.

பிறகு கஞ்சி. திமோத்தி முதல் வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார்.

"மரியநாதா, இது கஞ்சியா, சிமிண்டா?"

"பயறு வேற பச்ச வாசம் அடிக்குது. செசிலியாக்கா கை இல்லல்ல" என்றாள் கிருஷ்ணம்மா. ஆனாலும் கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். எல்லோரும் நீட்டினார்கள். ஈரத் துணியோடு இருந்தவர்களுக்குச் சூடு உள்ளே போனதே பெரிது. மரியநாதன் மட்டும் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, அவளுடைய கஞ்சியின் ருசி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். சட்டென்று பிடிபடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பொழுது இறங்குகிற நேரம் அவரே கூப்பிட்டார்.

"ஊத்தியாச்சு. யாருக்கும் கொறையில்ல."

"அந்தோணியாருக்கு தோத்திரம்" என்றாள். குரல் லேசாகிவிட்டது. "மருமவன் கார் எடுத்துக்கிட்டு வந்துட்டிருக்காரு. தெற்கால ரோடு நல்லாத்தான் இருக்காம். நான் அப்படியே அவரோட திரும்பிர்றேன். பிள்ள வேற தேடும்."

இனி முறை அடுத்த வருஷம்தான். இழுத்துவர வேறு கயிறு இல்லை. மரியநாதன் மண்டபத்துத் தூணில் சாய்ந்தார். இந்த வயதில் இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது? கேட்டார்.

"செசி, கஞ்சி முடிஞ்சிருச்சு. முறையும் முடிஞ்சிருச்சு. நீ இங்க வர்றதுக்கு ஒரு வேலையும் இல்ல. சும்மா வா. என்கூட இருக்கறதுக்கு வா."

அந்தப் பக்கம் மழை மட்டும் கேட்டது.

"இத எப்பயோ கேட்டிருக்கலாம்ல" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "மொதல்ல தண்ணி வடியட்டுங்க. ரயில் லைன் தொறந்த அன்னிக்கு வர்றேன்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். பள்ளித் திடல் முழுக்கத் தண்ணீர். கோல் கம்பத்தில் பாதிதான் தெரிந்தது. ரப்பர் படகைக் கட்டிக்கொண்டிருந்த பொம்பாக்காரனிடம், தீயணைப்புப் படைக்காரனிடம், எப்போது வடியும் என்று மலாயில் கேட்டார்.

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "வடியறதா? இன்னும் ஏறி முடியலையே, பாச்சிக்."

மரியநாதன் உள்ளே போகவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.