குரூப்பில் இல்லாத தம்பி

லேத்துக்காரர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். சாவு வீட்டில் கதவு பூட்டிக் கிடக்கும் என்று யார் கண்டது? எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அப்பவே எடுத்துட்டாங்களே. மின்மயானத்துக்குப் போங்க."

"சாயங்காலம்னுதானே அக்கா பொண்ணு காலையில போன்ல சொல்லுச்சு?"

"மத்தியானத்துக்கு மாத்திட்டாங்க. எல்லாருக்கும் மெசேஜ் வந்துச்சே."

அவர் சட்டைப்பையில் பட்டன் போன் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கிடந்தது. முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் இரும்பு கடையும் பட்டறையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இப்போது மூன்றாவது பஸ்.

அக்கா சமூகவியல் பேராசிரியர். இன்டர்நெட் யாருக்குக் கிடைக்கிறது, கிடைக்காதவர்கள் எதையெல்லாம் இழக்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு ஆயுசு முழுக்க ஆராய்ச்சி. "வெளியில எதுக்குடா தேடணும்? நீயே எனக்கு ஒரு அத்தியாயம்" என்று தம்பியைச் சீண்டுவாள். ஒரு கூட்டம் என்றால் போன் இல்லாத வீடுகளுக்கு ஆளனுப்பிச் சொல்வாள். ஆள் கிடைக்காவிட்டால் தானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இன்றைக்குக் கிளம்ப அவள் இல்லை.

மின்மயானத்தில் உலையின் இரும்புக் கதவை மூடியிருந்தார்கள். வெளியே அவளோடு வேலை பார்த்தவர் ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்ப்பதற்காக ஸ்டாண்டில் ஒரு போன் நின்றது.

"சேதி போய்ச் சேராத ஒரு ஆள்கூட இருக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லுவாங்க."

லேத்துக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றார். கூடப் பிறந்தவளுக்குக் கடைசி ஆளாகக்கூட வந்து சேர முடியவில்லையே என்றிருந்தது.

அக்கா மகள் ஓடி வந்தாள். "எங்க மாமா போனீங்க? குரூப்ல போட்டேனே..." பாதியில் அவள் முகம் செத்துவிட்டது. "நீங்க அதுல இல்லல்ல."

"பரவால்லம்மா. உனக்கு இருக்கிற வேலையில..."

"வீடியோ எடுத்து குரூப்ல போட்டிருக்காங்க மாமா. அம்மா முகம் நல்லாத் தெரியும்."

போனை அவர் கையில் திணித்தாள். அதற்குள் ஆபீஸ் அறையில் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. காத்திருந்தார். தொட்டுப் பார்த்தார். இரும்பு தின்ற விரலை அது கண்டுகொள்ளவில்லை. வட்டம் சுற்றியது. பக்கத்தில் நின்ற எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பாத்தீங்களா மாமா?"

"பாத்தேம்மா" என்றார். திரையில் படிந்திருந்த தன் விரல் அழுக்கைச் சட்டையில் துடைத்து, போனை அவளிடம் கொடுத்தார்.