ஆவி போக்கும் பொத்தான்

கொழுந்தன் கொண்டுவந்த தாளில் ஒரே ஒரு வரிதான் அவள் கண்ணைக் குத்தியது. 'என் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' கீழே அவள் கையெழுத்துக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டிருந்தான். என்ன அக்கறை!

"நாளைக்கு ஸ்டேஷன்ல இதைக் குடுத்துட்டா முடிஞ்சுது அண்ணி. வண்டியே எல்லாத்தையும் பதிவு பண்ணியிருக்கு. இடிக்கிறதுக்கு முன்னாடி நாலு செகண்ட் நீங்க ரோட்டையே பாக்கல."

வண்டி சாட்சி சொல்கிறதாம். அந்த வண்டியின் தொடுதிரையை வடிவமைத்தவர்களில் இந்த மகானும் ஒருவன். இதைத்தான் வாங்க வேண்டும் என்று அண்ணனிடம் ஒற்றைக்காலில் நின்றவனும் இவனே. பழைய வண்டியில் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க ஒரு குமிழ் இருந்தது. கை தானாகப் போய்த் திருகிவிடும். இவன் புண்ணியத்தில் குமிழ்கள் எல்லாம் ஒழிந்து, தடவினால் எங்கும் ஒரே வழவழப்பு.

மூன்று நாளுக்கு முன் காலையில் நல்ல மழை. மகளைப் பள்ளியில் விடப் போகும்போது முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. திரையில் ஒன்றைத் தொட்டாள், பாட்டு வந்தது. இன்னொன்றைத் தொட்டாள், வரைபடம் வந்தது. சனியனே என்று திட்டிக்கொண்டே நிமிர்ந்தபோது, பள்ளி வாட்ச்மேன் வண்டிக்கு முன்னால் விழுந்து கிடந்தார். காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

அவரைச் சேர்த்தது அவள் நர்சாக இருக்கும் அதே வார்டில். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஊசி போடப் போனபோது, "என்னைப் பாக்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா லைசென்ஸ் போயிடும். கேஸும் முழுசா என் தலையில விழும்," என்றாள்.

"போடலைன்னா பழி திரை மேல விழும், இவன் வேலை போயிடும்," என்றான் கணவன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்கு உச்சி கொதித்தது. அடுப்படிக்குப் போய் பிளாஸ்க் நிறையக் கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தாள். மறு கையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி.

"வா தம்பி. ஆவியை எப்படிப் போக்கணும்னு ஓட்டிக் காட்டு. நீ செஞ்சுட்டா நான் கையெழுத்துப் போடறேன்."

"இது என்ன சின்னப்பிள்ளைத்தனம்?"

"உன் பிள்ளைதானே அந்தத் திரை? வா."

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தின் நடுவில் நாற்காலியை வைத்தாள். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கணவன் குடையோடு மதிலோரம் நின்று வேடிக்கை பார்த்தான். ஜன்னல்களை ஏற்றிவிட்டு, தாளும் பேனாவும் பிளாஸ்க்குமாக அவள் வண்டியில் கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேரா போ. நாற்காலிகிட்ட நிறுத்து."

வண்டி கிளம்பியதும் பிளாஸ்க்கைத் திறந்தாள். குளிர்ந்த கண்ணாடி நொடியில் வெளுத்தது.

"ம், போக்கு."

அவன் அலட்சியமாக விரலை நீட்டினான். பாட்டு வந்தது.

"போன அப்டேட்ல இடம் மாத்திட்டோம்... மூணாவது பக்கத்துல இருக்கும்..." பள்ளத்தில் வண்டி குலுங்க, விரல் வழுக்கியது. இருக்கையின் சூடு கூடியது. அவன் திரைக்குள்ளேயே போய்விடுவான்போலக் குனிந்தான்.

'சாலையில் கவனம் வையுங்கள்,' என்றது வண்டி.

படார்.

அவன் பிரேக்கை மிதித்தபோது நாற்காலி சக்கரத்தடியில் நொறுங்கிக் கிடந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்... பாக்கல அண்ணி."

மூன்று நாளாக வாட்ச்மேனுக்கு அவளால் சொல்ல முடியாத பதில் அது. அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை அவன் மடியில் போட்டுப் பேனாவை நீட்டினாள்.

"அதையே எழுது. ரோட்டைப் பாக்காம எதைப் பாத்துக்கிட்டிருந்தேன்னும் எழுது. கீழ உன் கையெழுத்து."

"என் வேலை போயிடும் அண்ணி..."

"எழுதாட்டிப் போ," என்று கதவைத் திறந்து இறங்கினாள். "வண்டிதான் எல்லாத்தையும் பதிவு பண்ணியிருக்குமே."