நாளையிண்டைக்கு மலையில் மழை

நிரூபா அப்பாவின் வலது பெருவிரலைப் பிடித்துக் கைபேசியில் இன்னொரு தடவை அழுத்தினாள். திறக்கவில்லை. அவர் இறந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, விரல் இன்னும் முழுதாகக் குளிரவில்லை. கைபேசிக்கு அது போதவில்லை.

"மற்றக் கையைப் பிடிச்சுப் பார்," என்றார் அம்மா யோகராணி, ஆஸ்பத்திரிக் கட்டிலின் மறுபக்கத்திலிருந்து. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம் விடு. அவருக்குக் கூச்சம்," என்றார்.

அப்பாவின் நண்பர் தியாகலிங்கம் அங்கிள் தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி கதவடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். அழுகையை நிறுத்தாமலே கைபேசியின் ரகசிய இலக்கத்தைச் சொன்னார். அந்த இலக்கம் அவர்கள் குடியிருக்கும் மல்வேர்னில் பாதிப் பேருக்குத் தெரியும். அப்பா கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வரும் நாட்களில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடமே கைபேசியை நீட்டி, இதைத் திறந்து மலை எப்படியிருக்கு என்று பார்த்துச் சொல்லுங்கோ என்பார்.

அப்பா, ஸ்ரீஸ்கந்தராசா, மலை எதையும் கிட்டப் பார்த்ததில்லை. கனடாவில் அவர் ஏறிய மிக உயரமான இடம், பிளாசாவின் மூலையில் அள்ளிக் குவித்திருந்த பனிக்கும்பி. காற்றில் பறந்த தொப்பியை எடுக்க அதில் ஏறியவர், இறங்கத் தியாகலிங்கம் அங்கிள் கை கொடுக்க வேண்டியிருந்தது. மலை தம்பி வாகீசனுடையது. வேலைக்கென்று மேற்கே கல்கரிக்குப் போனவன், குளிர் முறியத் தொடங்கியதும் சினேகிதர் இரண்டு பேருடன் காலில் பனிச்சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு, றோட்டே இல்லாத மலைக்குள் போய் மரக்குடிலில் கிடப்பான். அங்கே போனும் இல்லை, இணையமும் இல்லை. செய்மதி வழியாகக் குறுஞ்செய்தி மட்டும் போய்வரும் சின்னக் கருவியொன்று அவன் பையில் இருக்கும். அதனுடன் தொடர்பு அப்பாவின் கைபேசிக்கு மட்டும்தான்.

மலையேறுபவர்களுக்கென்று ஒரு வானிலை அறிக்கை தினமும் பின்னேரம் வரும். காற்று, வெக்கை, பனி எங்கே சரியலாம், அபாயம் ஒன்றா ஐந்தா. அப்பா அதை அகராதி வைத்து வாசித்து, தமிழாக்கிச் சுருக்கி மகனுக்கு அனுப்புவார். அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை அதையே தன் குரலில் பதிந்து மல்வேர்ன் மூத்தோர் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவார். இண்டைக்கு அபாயம் மூண்டு, காலமை நல்லம், மத்தியானத்துக்குப் பிறகு தெற்குச் சரிவு கூடாது.

கேட்டவர்களின் காதுக்கு அது பஞ்சாங்கம். தெற்குச் சரிவு எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று என்று வந்த நாளில் ஒருவரும் கார் வாங்கவில்லை, பெண் பார்க்கப் போகவில்லை. நிரூபா வேலை செய்யும் பல் வைத்தியசாலையில் யோகமலர் அன்ரியின் கடைவாய்ப் பல் மாசி மாதம் முழுக்கப் பிடுங்கப்படாமலே இருந்தது.

கைபேசி திறந்ததும் நிரூபா தம்பிக்கு எழுதத் தொடங்கினாள். அப்பா என்ற சொல்லோடு விரல் நின்றுவிட்டது. அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்ப அங்க எத்தினை மணி?"

"பத்து."

"வெயில் ஏறியிருக்கும். குடிலிலயிருந்து றோட்டுக்கு வர அரைநாள் வேணும். இப்ப சொன்னா இப்பவே வெளிக்கிடுவான். வழியில இருக்கிற தெற்குச் சரிவடிக்கு மத்தியானம்தான் வருவான், பனி சரியிற நேரம்."

நிரூபா அவரையே பார்த்தாள். அப்பா மலைக் கதை எடுத்தால் அம்மா மிக்ஸியைப் போடுவார், அரைக்க ஒன்றும் இல்லாத நாட்களிலும்.

பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. சப்பாத்துகள் வாசலைத் தாண்டி மாடிப்படி வரை ஏறியிருந்தன. ஐயர் போன் எடுத்து, பஞ்சாங்கப்படி ஞாயிறு காலை நல்லது, கொள்ளி வைக்க மகன் வந்துவிடுவாரா என்று விசாரித்தார். பிறகு தயங்கி, மலை என்ன சொல்லுது என்றும் கேட்டார். அவரும் அந்தக் குழுவில் இருந்தார்.

அறிக்கை வந்தது. இரவு தெளிந்த வானம், பனி நன்றாக இறுகும், காலை அபாயம் குறைவு, மதியம் வெயிலோடு மூன்றுக்கு ஏறும். நிரூபா அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். தம்பி இன்னும் மூன்று நாள் அங்கே இருப்பதாகத்தான் திட்டம். பயப்படுத்தாமல், ஓடவைக்காமல், விடியவே அவனை இறக்கியெடுக்க வேண்டும்.

"அஞ்செண்டு போடு பிள்ளை," என்றார் தியாகலிங்கம் அங்கிள். "விழுந்தடிச்சு வருவான்."

"அஞ்செண்டால் குடிலை விட்டு வெளியில வரப்படாது அண்ணை," என்றார் யோகமலர் அன்ரி கன்னத்தைப் பிடித்தபடி. "அங்கயே இருந்திடுவான்."

"அப்ப ஒண்டெண்டு போடுவம்."

"ஒண்டெண்டால் இன்னும் மேல ஏறுவான்."

வேறு யாரோ, தாய்க்குச் சுகமில்லை என்று எழுதலாம் என்றார். அப்படி எழுதினால் இந்த நிமிடமே வெளிக்கிட்டுவிடுவான் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். தாய் தகப்பனுக்குள் சண்டை என்று எழுதலாம் என்றது இன்னொரு குரல். அதுக்கு ஆர் வருவினம், அது தினமும் நடக்கிறதுதானே என்றார் தியாகலிங்கம் அங்கிள், அம்மா இருக்கிறார் என்பதை மறந்து.

அம்மா எழுந்து வந்து நிரூபாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"அவர் மலையைப் பற்றி ஒருநாளும் பொய் சொன்னதில்லை," என்றார். "மற்ற எல்லாத்தைப் பற்றியும் சொன்னவர். நாளையிண்டைக்கு என்ன போட்டிருக்கு?"

நிரூபா திரையை நாளை மறுநாள் வரும்வரை கீழே தள்ளினாள். "மழை. சூட்டுக் காத்து. ரெண்டு மூண்டு நாளைக்கு நிக்குமாம்."

"அதைப் போடு. அவர் இருந்தாலும் இறங்கத்தான் சொல்லியிருப்பார்."

நிரூபா எழுதினாள். ராவைக்கு நல்லா இறுகும். காலமை நல்லம். மத்தியானத்துக்குப் பிறகு தெற்குச் சரிவு கூடாது. நாளையிண்டைக்கு மழை. விடியவே இறங்கி வா.

"கடைசியா, ஈரச் சொக்ஸை மாத்து எண்டு போடு," என்றார் அம்மா. "இல்லாட்டி அது அவர் இல்லை."

அனுப்பினாள். ஒரு சுற்றுத் தேத்தண்ணி குடித்து முடிய பதில் வந்தது. ஓம் அப்பா, விடிய வெளிக்கிடுறம். நிரூபா கைபேசியை மேசையில் குப்புற வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை ஒருவரும் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலையே தியாகலிங்கம் அங்கிள் சுவர் மணிக்கூட்டை இரண்டு மணித்தியாலம் பின்னுக்கு, மலை நேரத்துக்குத் திருப்பி வைத்தார். அதனால் பூ ஓடர் கொடுக்கப் போன சித்தப்பா பிந்திப்போய், வேறு யாருக்கோ கட்டிய மலர்வளையம் ஒன்றோடு வந்தார். அதில் இருந்த பெயரை இரண்டு பேர் சேர்ந்து கழற்றினார்கள். மதியச் சாப்பாட்டை, மணிக்கூட்டில் இன்னும் பத்தரைதானே என்று ஒருவரும் தொடவில்லை. இப்ப இறங்கத் தொடங்கியிருப்பினம், இப்ப மரங்களுக்குள்ள வந்திருப்பினம் என்று, அங்கே போயே அறியாத மனிதர்கள் சோபாவில் இருந்து வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா பின்கதவடியில் நின்றார். முற்றத்துப் பனி உருகி மரப்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் கண்ணாடிக்கு வந்து நிலத்தில் மெல்ல ஊர்ந்தது. அவர் காலடி வரை அது வந்தபோது திரைச்சீலையை இழுத்து மூடினார். மூடிய திரையைப் பார்த்தபடியே நின்றார்.

அப்பாவின் கைபேசி அடித்தது. திரையில் மகன் என்று இருந்தது. நிரூபா அதை அம்மாவிடம் கொடுக்க, அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"சரிவு தாண்டியாச்சோ?"

"அம்மாவோ? ஓம் அம்மா, தாண்டியாச்சு. காரடியில நிக்கிறன்."

"மற்ற ரெண்டு பேரும் கூட நிக்கினமோ?"

"ஓம். ஏன் நீங்கள் எடுக்கிறீங்கள்? அப்பா எங்க?"

தியாகலிங்கம் அங்கிள் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுப்பில் இருந்த கேத்திலை யாரோ நிறுத்தினார்கள்.

"சொக்ஸ் மாத்தினியோ?" என்றார் அம்மா.

"இன்னும் இல்லை."

"முதல்ல மாத்து. நான் லைன்லதான் நிக்கிறன்."

அவன் மறுபடி கேட்கவில்லை. கார்க் கதவு திறபடும் சத்தம் கேட்டது. பிறகு சப்பாத்தின் கொளுக்கிகள், ஒவ்வொன்றாக, மிக மெதுவாகக் கழன்றன. அம்மா கைபேசியை இரண்டு கைகளாலும் ஏந்தியபடி நின்றார். வீட்டில் அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.