பதினோராவது கேள்வி

பொழிச்சலூர் ஜெயக்கொடிக்கு 1988இல் தாம்பரம் பக்கம் ஒரு ராணுவ அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்தது. ரகசியக் காகிதங்கள் புழங்கும் இடம். நடத்தை விசாரணை முடிந்த பிறகே உத்தரவு என்று சொல்லி, நீளமான படிவம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள்.

பதினோராவது கேள்வியில் பேனா நின்றது. உங்கள்மேல் காவல் நிலையத்தில் எப்போதாவது புகார் உண்டா?

உண்டு. கொடுத்தவன் அவள் புருஷன் துளசிங்கம். மூன்று வருடத்துக்கு முன், தட்டச்சுப் பரீட்சைக்குப் போகக்கூடாதென்று அவளுடைய ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டான். அவள் அவனுடைய புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பொதுக்கிணற்றில் தள்ளினாள். அவன் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

"இல்லன்னு எழுதிடு," என்றான் துளசிங்கம். "அந்தப் பேப்பரை இந்நேரம் கரையான் துன்னுட்டிருக்கும்."

"பொய் எழுதி மாட்டிக்கினா வேலையும் போவும், மானமும் போவும்."

சைக்கிளைக் கிணற்றில் தள்ளியதை எழுதினாள். ஹால் டிக்கெட்டைப் பற்றி எழுதவில்லை.

இரண்டு வாரத்தில் விசாரணை அதிகாரி ஸ்ரீநிவாசராகவன் வந்தார். முதலில் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் கேட்டார்.

"சண்டையா? வாரத்துக்கு ஒண்ணு கீது சார். ஆனா அந்தப் பொண்ணு ஒரு வூட்டு சேதியை இன்னொரு வூட்ல சொல்லாது. எங்கிட்ட கூட சொல்லாது, அதான் எனக்குப் பேஜாரு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அதிகாரி ஜெயக்கொடி வீட்டுக்குள் வந்தார். "சைக்கிளை ஏம்மா தள்ளினீங்க?"

"கோவம் சார்," என்றாள்.

துளசிங்கம் தரையைப் பார்த்தபடி முன்னால் வந்தான். பிறகு சொன்னான்: "தப்பு என்னுது சார். இவ ஹால் டிக்கெட்டை நான்தான் கிழிச்சேன். அதைப் புகார்ல மறைச்சிட்டேன். அடுத்த பரீட்சைக்கு நானே இட்டுகினு போனேன்."

ஜெயக்கொடி அவனை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடத்தில் அவன் வாயால் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. காபி கலக்கப் போகிறவள்போல் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குடும்பச் சண்டை இல்லாத வீடு ஏது?" என்றார் அதிகாரி, குறித்துக்கொண்டே. "மறைக்கிறவங்ககிட்டதான் ரகசியத்தைக் கொடுக்க முடியாது. மறைச்சதை வெச்சு யாராவது மிரட்டினா, பயந்து ரகசியத்தைச் சொல்லிடுவாங்க."

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. துளசிங்கம் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தான். வேலையில் சேர்ந்த அன்று மாலை, "உங்க ஆபீஸ்ல இன்னா வேலை நடக்குது?" என்று ஆசையாகக் கேட்டான்.

"அதைச் சொல்லக்கூடாது," என்றாள் ஜெயக்கொடி.

அந்த வாரத்துச் சண்டை அதற்குத்தான்.