நிற்க மறுத்த பெரியப்பா

ஓவியக்காரி தன் பெரியப்பாவை ஏழு முறை நிற்கவைத்து வரைந்தாள். ஏழு முறையும் மறுநாள் காலையில் படத்தில் அவர் படுத்துக் கிடந்தார். துணியிலோ சட்டத்திலோ குறை ஒன்றும் இல்லை. பதினேழு வயதில் போருக்குப் பிடித்துக்கொண்டு போக, ஒரே மாதத்தில் செத்தவர் அவர். அவருடையதென்று வீட்டில் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி. அதில் பல் உடைந்த சீப்பு, இரண்டு பித்தான், ஒரு புகைப்படம், போர்க்காலத்தில் பிள்ளைகளுக்கென்று வாராவாரம் வந்த சித்திரக்கதைகள் முப்பத்தொன்று. நம் ஆள் சுட்டால் எதிரி சாவான், எதிரி சுட்டால் நம் ஆளின் தொப்பி மட்டும் பறக்கும். அந்த மாதிரிக் கதைகள். அந்தச் சிப்பாய்களின் உடம்பையும் புகைப்படத்து முகத்தையும் சேர்த்துத்தான் ஓவியக்காரி வரைந்தாள். கண்காட்சிக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

எட்டாவது படத்துக்காகச் சித்திரக்கதைகளைப் புரட்டியபோது ஒரு கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. அங்கே செத்துக் கிடந்த எதிரியின் கன்னத்தில் பென்சிலால் ஒரு மச்சம். பெரியப்பாவின் மச்சம், புகைப்படத்தில் இருக்கும் அதே இடத்தில். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் காட்டினாள். அத்தை அவருடைய தங்கை. இப்போது எழுபது வயது.

"நான்தான் வெச்சேன்," என்றாள் அத்தை. "ஆளுக்கு ஒரு வாரம் கலர் அடிக்கணும்னு பேச்சு. என் வாரத்துல அண்ணன் முந்திக்கிட்டு கதாநாயகனுக்கு அடிச்சிட்டான். அந்தக் கோபத்துல செத்தவனுக்கு அவன் மச்சத்தை வெச்சேன். அடுத்த வாரமே ஆள் பிடிக்க வந்துட்டாங்க."

அறுபது வருஷமாக அவள் இதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. பெற்ற தாய் சாகக் கிடந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. ஓவியக்காரி போய் ரப்பரை எடுத்து வந்தாள்.

"அழிச்சுப் பார்க்கலாமா அத்தை?"

ரப்பரால் அழித்தார்கள். பழைய மட்டக் காகிதம். மச்சத்தோடு தாளும் கிழிந்தது. மறுநாள் ஏழு படங்களிலும் பெரியப்பா படுத்தபடியேதான் இருந்தார், கன்னத்தில் புதிதாக ஒரு ஓட்டையோடு.

"படுத்தவனை எதுக்கும்மா சுவத்துல மாட்டி வெச்சிருக்கே?" என்று அத்தை ஒரு படத்தைக் கழற்றிக் கட்டிலில் கிடத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடுண்ணா," என்றாள். பெரியப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை சளைக்கவில்லை. கட்டிலை இழுத்துப் போட்டு, சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்து மறுபடியும் கேட்டாள். அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்காட்சிக்கு ஓவியக்காரி ஏதோ பூச்செண்டு வரைந்து அனுப்பினாள். இப்போதெல்லாம் காலையில் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கட்டிலைத் திருப்பிப் போடுகிறார்கள். அத்தை கேட்கிறாள், அவர் திரும்பிக்கொள்கிறார், பிறகு வீடு பெருக்குகிறார்கள்.