சாயங்காலம் வரைக்கும் குழாயைத் திறக்காதே

கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நடுவில், கட்டிலில் அவர். தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அக்கா. ஜன்னலோரம் சுவரில் சாய்ந்தபடி, உட்காரவும் மனமில்லாமல் அவருடைய தம்பி. அலுவலகத்திலிருந்து வந்த இருவர், பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்ட பெஞ்சில். வாசற்படியில், செருப்புகளுக்கு நடுவே, கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையற்காரர். மனைவி மட்டும் கூடத்தில் இல்லை. சமையலறை வாசலில் முக்காலி போட்டு, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏண்டி, அவன் பக்கத்துல உக்காராம அடுப்படிக்கு என்ன காவல்? நாலு பேர் பாக்கறாங்க” என்றாள் நாத்தனார்.

“யாராவது சிங்க்ல கை கழுவிடுவாங்கக்கா.”

“கழுவினா என்னவாம்?”

“ஓரத்துல பூசின சிலிகான் பசை காயணும். சாயங்காலம் வரைக்கும் குழாயைத் திறக்காதேன்னு சொல்லிட்டுத்தான் படுத்தார்.”



சிங்க் விளிம்பு ஒழுகி ஒழுகி, தையற்காரர் துணி வெட்டும் மேசைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு கல்யாணப்பெண்ணின் துணி பாழானது. வெளியூரிலிருந்த வீட்டுக்காரர் சுருக்கமாக எழுதிவிட்டார்: இன்னொரு முறை ஒழுகினால் வீட்டைக் காலி செய்துவிடுங்கள். ஆளைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னபோது அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குமாஸ்தா வேலை பார்த்தாலும் குடும்பத்தில் அவருக்கு ‘இன்ஜினியர்’ என்றுதான் பெயர்.

“ஒரு தடவை ஃபேனைக் கழட்டி மாட்டினாருங்க” என்று கொழுந்தன் அலுவலகத்துக்காரர்களிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். “அன்னையிலேருந்து காத்தெல்லாம் கூரைக்குத்தான். ‘மாடியில இருக்கறவங்களுக்கும் வேணாமா’ன்னார்.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு கட்டிலைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம் அவர் பழைய சிலிகானைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே வந்தார். ஜன்னல் பக்கத்து மூலை வந்ததும் சுரண்டுவதை நிறுத்தி, நெஞ்சைத் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். “கை கடுக்குது, வேற ஒண்ணுமில்ல.” டாக்டரிடம் போகலாம் என்றாள். “இதை முடிச்சிட்டுப் போவோம்.” எழுந்து, சிலிகான் குழலை அழுத்தி வெள்ளைக் கோடு இழுத்தார். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து நீவிவிட்டார். தள்ளி நின்று தானே ரசித்தார். “இனிமே நம்மள இங்கேருந்து எவன் கிளப்பறான்னு பாப்போம்.”

காலையில் காப்பியோடு போய் எழுப்பினாள்.

அவரைத் தூக்கும் நேரம் வந்தது. நாத்தனார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் எழுந்து, தையற்காரரைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் இங்க உக்காருங்க” என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். வண்டி தெருமுனை திரும்பி மறையும்வரை எழுந்திருக்கவில்லை.

இருட்டுவதற்குமுன் எல்லாம் முடிந்தது. அவள் குழாயில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துத் திறந்தாள். சிங்கில் தண்ணீர் நிறைந்தது.

“ஒழுகாம நிக்குதேடி!” என்றாள் நாத்தனார்.

கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். கொழுந்தன் டார்ச்சோடு குனிந்து பார்த்தான். விளிம்பை நகத்தால் நெம்பினான். வெள்ளைக் கோடு நாடாபோல அப்படியே கையோடு வந்தது.

“பாதிதான் சுரண்டியிருக்கார் அண்ணி. மீதியில பழசு மேலயே இழுத்துட்டார். சிலிகான்மேல சிலிகான் ஒட்டாது. இது தெரியாதா அண்ணனுக்கு?”

நாடா ஜன்னல் பக்கத்து மூலையிலிருந்துதான் பெயர்ந்திருந்தது என்பதை அவள் பார்த்தாள்.

தையற்காரர் படியேறி வந்து நின்றார். “வாளி வச்சிட்டேம்மா. ஒண்ணும் மோசமில்ல.”

“துணி நனைஞ்சுதா?”

“துவைச்சா போயிடும்.”

“ஆளை வச்சு சரி பண்ணிடலாம் அண்ணி” என்றான் கொழுந்தன். “வீட்டுக்காரருக்குத் தெரியவா போகுது?”

“இவர் இன்னும் எத்தனை துணிக்கு ‘துவைச்சா போயிடும்’னு சொல்லுவார்?”

தையற்காரர் தரையைப் பார்த்தார். அவள் குனிந்து, தண்ணீர் வரும் வால்வை இறுக்க மூடினாள்.

மறுநாள் காலை, கொழுந்தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தேதியிட்டு, மடிப்புக்கு இடம் விட்டு, வீட்டுக்காரருக்கு எழுதினாள்.

‘ஐயா, சிங்க் ஒழுகுவது நின்றுவிட்டது. என் கணவர் தம் கையாலேயே அந்த வேலையைச் செய்தார். அவர் நேற்றுக் காலமானார். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிடுகிறேன்.’

கொழுந்தன் படித்தான். முதல் வரியை இரண்டாம் தடவையும் படித்தான்.

“அண்ணி...”

“ஒட்டு.”

உறையில் போட்டு ஒட்டினான். அவள் ஜன்னலருகே வந்து நின்றாள். கீழே அவன் தெருவைக் கடந்து, தபால்பெட்டிக்குள் உறையை நுழைத்தான். உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.