அண்ணி மலைக்குப் போன சனிக்கிழமை

என் அண்ணன் மலைக்கு பஸ் ஓட்டினான். அண்ணி மலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்வெட்டர் பின்னினாள். இரண்டு பேருக்கும் சோறு போட்ட அந்த மலையூரை அண்ணி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த கடைக்காரம்மாவும் நம்பவில்லை. வீட்டுக்காரர் ஓட்டுற வண்டிதானே, ஏறி உட்கார்ந்தால் தீர்ந்தது என்பாள். அண்ணி சிரித்துவிட்டு அடுத்த ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

எங்கள் ஊர் அடிவாரத்தில் இருந்தது. வெயில் ஒட்டிக்கொண்டு விடாத ஊர். அந்த வெயிலில் மடி நிறையக் கம்பளி நூலை வைத்துக்கொண்டு பின்னுவது லேசான வேலை இல்லை. கை வேர்த்தால் வெளிர் நிற நூல் அழுக்காகிவிடும் என்று அண்ணி பக்கத்திலேயே பவுடர் டப்பா வைத்திருப்பாள். நாலு வரிசை பின்னுவாள், உள்ளங்கையில் பவுடர் கொட்டித் தேய்ப்பாள், மறுபடி ஊசியை எடுப்பாள். குளிர் என்பது எப்படி இருக்கும் என்று ஒருநாள் அண்ணனைக் கேட்டாள். அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "குளிரும்" என்றான்.

நூல் கடையிலிருந்து சிட்டமாக வரும். பெரிய வளையம் மாதிரி இருக்கும். அதை உருண்டையாகச் சுற்றினால்தான் பின்ன முடியும். யாராவது ஒருத்தர் வளையத்தை இரண்டு கையிலும் மாட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டால் மற்றவர் சுற்றலாம். அண்ணனைக் கூப்பிட்டால், "வீட்டுக்கு வந்துமா ஸ்டியரிங் பிடிக்கணும்?" என்று கட்டிலில் விழுந்துவிடுவான். நான் பல் டாக்டர் கிளினிக்கில் வருகிறவர்களை உட்காரவைக்கும் வேலை முடித்து வர இருட்டிவிடும். அதனால் அண்ணி நாற்காலியின் முதுகில் மாட்டிச் சுற்றிக்கொள்வாள். அந்த நாற்காலிதான் இந்த வீட்டில் சொன்ன பேச்சு கேட்கும் ஆள் என்பாள்.

மலைக்குப் போகலாம் என்ற பேச்சு வருஷா வருஷம் வரும். லீவு நாளில் சமையல்காரன் இன்னொரு ஓட்டலுக்கா சாப்பிடப் போவான் என்று அண்ணன் அதை மடக்கிவிடுவான். நாங்களும் விட்டுவிடுவோம்.

அந்த வருஷம் மட்டும் விட முடியவில்லை. அண்ணனுடைய வண்டியில் கண்டக்டராக இருந்த பையன், நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிறவன், எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அடுத்த மாதத்திலிருந்து அண்ணன் கீழ்த்தடத்துக்குப் போகிறார், டவுனுக்குள்ளேயே ஓட்டம் என்று சொன்னான். மலைத்தடத்தில் இருக்கும்வரைதான் எங்களுக்கு அந்த வண்டியில் குடும்ப பாஸ். அண்ணி நூலைக் கீழே வைத்தாள்.

"அப்போ இந்த மாசம் போயிடணும்" என்றாள். அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

திட்டம் போடுவது என் பொறுப்பு. ஒரு சனி, ஒரு ஞாயிறு. கண்டக்டர் தம்பிக்குத் தெரிந்த விடுதியில் அறை சொல்லியாகிவிட்டது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானும் அண்ணியும் தரையில் படுத்துக்கொண்டு மேலே போய் என்னென்ன செய்யக் கூடாது என்று பேசுவோம். ஏரிக்குப் போகக் கூடாது. உச்சியில் ஏறி ஊரைப் பார்க்கக் கூடாது. அலாரம் கூடாது. அண்ணி கேட்டது ரொம்பக் கொஞ்சம். ஒரு போர்வை, ஒரு ஜன்னல், வேறு யாராவது போட்டுக் கொடுத்த டீ. அது கிடைத்தால் போதும், ரெண்டு நாளும் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பேன் என்றாள். அத்தனை வருஷத்தில் முதல்தடவையாகத் தனக்கென்று இலைப்பச்சை நிறத்தில் ஒரு ஸ்வெட்டரை ஆரம்பித்தாள்.

அண்ணன் தினம் ஒரு கல்லைக் குறுக்கே உருட்டினான். முதலில் பனி என்றான். அப்புறம் மேலே தண்ணீர் வராது என்றான். அந்த விடுதியில் மூட்டைப்பூச்சி என்றான். மூட்டைப்பூச்சிக்கும் குளிராதா என்று நான் கேட்டதற்கு முறைத்தான். அண்ணி பையில் வைத்த அவனுடைய சட்டை மறுநாள் கொடியில் தொங்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி கொடிக்குப் போனது.

மேலே டீக்கடையில் அண்ணனுக்கென்றே தனியாக ஒரு கப் இருக்கிறது, வேறு யாருக்கும் தர மாட்டார்கள் என்று கண்டக்டர் தம்பி எப்போதோ வேடிக்கையாகச் சொல்லியிருந்தான். அன்றைக்கு அண்ணியும் சிரித்தாள். சட்டை மூன்றாவது தடவை கொடிக்குப் போனபோது அந்தக் கப் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி பரிமாறிவிட்டுத் தன் தட்டைத் தொடாமல் இருந்தாள்.

"மேலே உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

எனக்குப் புரையேறியது. அண்ணன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எனக்கா? பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, கக்கூஸ். இந்த மூணைத் தவிர அந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது, எதையும் தெரியாது."

"அப்புறம் ஏங்க? டிப்போல உங்களை யாரும் மாத்தலையாம். நீங்களே கேட்டு வாங்கினீங்களாம், தம்பி இன்னிக்குத்தான் சொன்னாரு. மலையே வேண்டாம்னு கேட்டு இறங்குறவரு, ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போகச் சொன்னா சட்டையை எடுத்து எடுத்து வெளியில போடுறாரு. நான் என்னன்னு நினைக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

அண்ணன் கையைக் கழுவவில்லை. மடியில் கிடந்த துண்டில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

போன மழைக்கு முன்னால் அவனுடைய வண்டி மேலேயே நின்றுவிட்டது. ஆட்களை வேறு வண்டியில் மாற்றி ஏற்றிவிட்டு அவனும் அதிலேயே இறங்கி வந்தான். ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. அத்தனை வருஷத்தில் அந்தப் பாதையில் அவன் சும்மா உட்கார்ந்து வந்தது அன்றைக்குத்தான்.

"ஓட்டும்போது ரோடு மட்டும்தான் தெரியும். கண்ணை அதுல வெச்சுட்டா வேற எதுவும் கிடையாது. அன்னிக்குத்தான் பக்கத்துல என்ன இருக்குன்னு பார்த்தேன். ஒண்ணுமே இல்லை. ரோடு முடியுற இடத்துல அப்படியே ஒண்ணுமே இல்லை. இத்தனை பேரை ஏத்திக்கிட்டு தினமும் இதுக்குப் பக்கத்துலயா போயிட்டு வந்தோம்னு இருந்துச்சு. அதுலேருந்து ஸ்டியரிங்ல கை வழுக்குது. வேர்த்து வேர்த்து வழுக்குது. அதான் கீழ கேட்டேன்."

நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். தண்ணீர் தட்டுப் பக்கத்திலேயே இருந்தது.

"இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றாள் அண்ணி.

"டிரைவர்னு சொல்லித்தானே உன்னைக் கட்டிக் கொடுத்தாங்க."

அண்ணி தன் தட்டைத் தள்ளி வைத்தாள். அப்புறம், போக வேண்டாம், விடுதிக்கு நாளைக்கே சொல்லிவிடலாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் சோம்பேறித்தனத்தில் கூட்டிப் போகவில்லை, இப்போது பயத்தில் கூட்டிப் போகாமல் இருந்தால் அப்புறம் நான் எந்த முகத்தோடு உன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது என்றான். வெளியே யாருக்கும் தெரியாதே என்றாள் அவள். எனக்குத் தெரியுமே என்றான். கடைசியில் அவனே கொடியிலிருந்து சட்டையை எடுத்துப் பையில் வைத்தான். ஜன்னல் பக்கம் மட்டும் என்னை உட்காரச் சொல்லாதீங்க என்றான். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து 'ங்க' போட்டு அவன் பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் பின்ன உட்கார்ந்த அண்ணியின் பக்கத்தில் பவுடர் டப்பா இல்லை. எங்கே என்று கேட்டேன். "உங்க அண்ணன் டூட்டிப் பையில" என்று சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னினாள்.

சனிக்கிழமை வந்தது. ஸ்வெட்டர் முடியவில்லை. கடை ஆர்டர்களை முதலில் முடித்துக் கொடுத்ததில் அவளுடையதற்கு ஒரு கைதான் இருந்தது. மீதி நூலையும் ஊசியையும் மடிப்பையில் திணித்துக்கொண்டாள். வண்டியை ஓட்டியது அண்ணனிடமே மலை ஓட்டப் பழகியவர். அண்ணனைப் பார்த்ததும் பதறி எழுந்து இடத்தை விடப் பார்த்தார். அண்ணன் அவரை உட்காரச் சொல்லிவிட்டு எங்களோடு மூன்று பேர் சீட்டுக்கு வந்தான். ஜன்னலில் நான், நடுவில் அண்ணி, ஓரத்தில் அவன்.

சமவெளி முடியும்வரை நன்றாகத்தான் இருந்தான். பாதை தூக்க ஆரம்பித்ததும் அவனுடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கத் தொடங்கியது. கை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தது, விட்டது, முழங்காலில் தேய்த்தது. கண்ணை மூடினான். மூடினால் இன்னும் மோசம் போலிருக்கிறது, உடனே திறந்தான். எதிரே ஒரு லாரி வந்தபோது, "ஒதுங்கு, ஒதுங்கு" என்று தனக்குள்ளேயே சொன்னான். முகம் வெளிறிக்கொண்டு வந்தது. நான் அண்ணியின் தொடையைத் தட்டினேன். அவள் ஏற்கெனவே பைக்குள் கையை விட்டிருந்தாள்.

"கையை நீட்டுங்க."

"இங்கேயா?"

"நாற்காலியைக் கொண்டுவர முடியலை. நீட்டுங்க."

அவன் நீட்டினான். இலைப்பச்சைச் சிட்டத்தை இரண்டு மணிக்கட்டிலும் மாட்டி இழுத்துவிட்டு, நுனியைத் தேடி எடுத்து அவள் சுற்ற ஆரம்பித்தாள். டிக்கெட் போட்டுக்கொண்டு வந்த கண்டக்டர் தம்பி எங்கள் சீட்டுப் பக்கம் நின்றான். அண்ணன் கை இருந்த இருப்பைப் பார்த்தான்.

"அண்ணே, லைசென்ஸ் இருக்கா?" என்றான்.

அண்ணன் இடது கையைக் கொஞ்சம் சாய்த்தான். நூல் சிக்காமல் இருக்க வேண்டுமே, அவன் கவனம் அதில் இருந்தது. ஒரு இழை இடது கையிலிருந்து கழன்றால் அடுத்தது வலது கையிலிருந்து கழலும். அதற்குத் தகுந்த மாதிரி கையைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியபோது சிட்டமும் கூடவே திரும்பியது.

"நேரா பிடிங்க."

"வளைவு வருது."

"வண்டிக்குத்தான் வளைவு. உங்களுக்கு இல்லை."

அந்தப் பாதையின் வளைவுகளுக்கெல்லாம் ஓட்டுநர்கள் பேர் வைத்திருந்தார்கள். அண்ணன் தலையைத் தூக்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். இது பல் டாக்டர் என்றான், தூக்கிப் போட்டதில் என் பல் நிஜமாகவே இடித்தது. இப்போ மாமியார், எதிரே என்ன வரும் என்று கடைசிவரை தெரியாது என்றான். தொப்பைக்காரன் வந்தது, பாதை நடுவில் பிதுங்கியிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்ணி சுற்றிக்கொண்டே, யாருங்க இதுக்கெல்லாம் பேர் வெச்சது என்று கேட்டாள். பாதி நான்தான் என்றான். நாத்தனாருக்கு ஒரு வளைவு இல்லையா என்றாள். நான் அவளைக் கிள்ளினேன்.

என் பக்கத்து ஜன்னலில் மரங்கள் கீழே போய்விட்டன. அப்புறம் எங்கள் ஊர் போனது, வெயிலில் வெளுத்த துணி மாதிரி. அதற்கப்புறம் மேகம் எங்களுக்குக் கீழே வந்தது. நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அண்ணி, இந்தப் பக்கம் பாருங்க அண்ணி என்று அவளை உலுக்கினேன். இத்தனை வருஷம் பார்க்க ஏங்கினவள் தலையைத் திருப்பவில்லை. அவளுடைய கண் அண்ணனின் கைமேல் இருந்தது.

"நீ பார்த்து வெச்சுக்கோ. ராத்திரி எனக்குச் சொல்லு" என்றாள்.

வண்டி நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். அண்ணன் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான். என்ன, ஏன் நிக்குது என்று கேட்டான். ஸ்டாண்டு வந்துடுச்சு அண்ணே, இறங்குங்க என்றான் கண்டக்டர் தம்பி. அண்ணன் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான். சிட்டத்தில் கொஞ்சம்தான் மீதி இருந்தது.

படியில் கால் வைத்ததும் அண்ணி நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் முண்டினார்கள், அவள் நகரவில்லை. ஒரு கை ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். வெறுங்கையில் மயிர்க்கால் எல்லாம் எழும்பி நின்றது. அந்தக் கையைத் தூக்கி அதை முதலில் பார்த்தாள். பிறகு கழுத்தைத் தொட்டாள்.

"இங்கேதான் நுழையுது" என்றாள் என்னிடம். "கழுத்தை இன்னும் ரெண்டு விரல் ஏத்திப் பின்னியிருக்கணும். இத்தனை பேருக்கு இப்படியே போட்டுக் கொடுத்துட்டேன், ஒருத்தரும் சொல்லலை பாரு."

அண்ணன் தன் டூட்டிக் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டான். நிலையத்து வாசலில் மூன்று தெரு பிரிந்தன. அவனுடைய டீக்கடை இடது பக்கம் இருந்தது. மற்ற இரண்டும் எங்கே போகிறதென்று அவனுக்கும் தெரியவில்லை. யாரையாவது கேட்கலாம் என்று நான் சொன்னேன். மெதுவாக நடக்கலாம், நமக்கென்ன அவசரம் என்றாள் அண்ணி.

நாலு எட்டு வைத்ததும் அண்ணன் அவள் மடிப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னொரு சிட்டம் இருக்கா?"

"எதுக்கு?"

"நாளைக்கு இறங்கணுமே."

"ரெண்டு இருக்கு" என்றாள் அண்ணி. "வாங்க, முதல்ல டீ குடிக்கலாம். அந்தக் கப்பை நான் பார்க்கணும்."